மிசின் ஓடுது, தண்ணி வரேல்லை

வாசகர் கேள்விகள், பதில்கள்

போன இதழில் பேச்சுவாக்கில் ‘கொம்பியூட்டருக்குத் தண்ணீர் இறைக்கிற விளையாட்டு’ என்று இரண்டு வரி எழுதிவிட்டேன். வன்னிக்குள் அந்த விளையாட்டில் இறங்கியவர்கள் மொத்தம் நாலைந்து பேர் இருப்பார்கள் என்பது என் கணக்கு. அந்த நாலைந்து பேரும் கடிதம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பிரின்டரில் தாள் சிக்குகிறது, வைஃபை அறுந்தறுந்து வருகிறது என்று எழுதியவர்கள் கோபிக்காமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இம்முறை முழுக்கத் தண்ணீர்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு சொல். சாதாரணப் பெட்டியில் கணினியின் மூளையான சிபியூவின் சூட்டை விசிறி ஊதித் தள்ளுகிறது. இந்தப் பெட்டிகளில் சிபியூவின் மேலும் கிராபிக்ஸ் கார்ட்டின் மேலும் செம்பால் செய்த ஒரு பிளொக் இறுக்கியிருக்கும். அதற்குள்ளால் ஓடுகிற தண்ணீர் சூட்டை அள்ளிக்கொண்டு றேடியேற்றருக்குப் போகும். அங்கே விசிறிக் காற்றில் ஆறித் தாங்கிக்கு வரும். தாங்கிக்குக் கீழே இருக்கும் பம்ப் அதைத் திரும்பவும் தள்ளும். உங்கள் வான் எஞ்சினில் நடப்பதும் இதுதான்.

“அண்ணை, கலியாண வீடியோ எடிற் செய்வது என் தொழில். கனடாவில் இருக்கும் மச்சான் பாகம் பாகமாகக் கொடுத்தனுப்ப, நானே பூட்டிய தண்ணீர்க் குளிரூட்டிப் பிசி. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. போன கிழமை மல்லாவியில் இருந்த கடையை மாங்குளத்துக்கு மாற்றினேன். பெட்டியை மெத்தை சுற்றி லான்ட்மாஸ்ரரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். இப்போது போட்டால் விண்டோஸ் வரும். எடிற்றிங் மென்பொருளைத் திறந்து ஒரு நிமிடம் ஆகமுதல் சிபியூ 100 பாகை காட்டுகிறது, எல்லாம் இழுபடுகிறது, பிறகு தானாக நின்றுவிடுகிறது. பம்ப் சத்தம் கேட்கிறது, ஆர்பிஎம்மும் காட்டுகிறது. காட்டிய இடத்தில் பம்ப் போய்விட்டது, புதிது போடு என்கிறார்கள். போடவா?” (மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்)

போடவேண்டாம் தம்பி. காசைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

நான் கணினிக்கு வருவதற்கு முன் பரந்தனில் பதினொரு வருடம் இறைப்பு மிசின் திருத்தினவன். சிறுபோகக் காலத்தில் விடிய ஆறு மணிக்கே சைக்கிள் கரியரில் மிசினைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். வருகிற எல்லாரும் சொல்வது ஒரே வசனம்: “மிசின் ஓடுது, தண்ணி வரேல்லை.” ஓடுகிற மிசினில் என்ன பிழை இருக்கப்போகிறது? ஆனால் தூக்கிக்கொண்டு வருவது மிசினைத்தான். போய்ப் பார்த்தால் தண்ணீருக்குள் கிடக்கிற குழாய் நுனியின் ஃபுட்வால்வில் ஒரு பூவரசிலை அடைத்திருக்கும். சக்சன் குழாயில் ஊசி குத்தின அளவு ஓட்டை இருந்து எயார் இழுத்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் மிசினுக்குள் தண்ணீர் வார்க்காமலே இழுத்து இழுத்துக் கை நொந்துபோயிருப்பார்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தச் சைக்கிள் கரியர்தான் ஞாபகம் வந்தது.

ஆர்பிஎம் என்பது பம்புக்குள் இருக்கிற சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்ற எண்ணிக்கை மட்டும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சுற்றுகிறதா, காற்றுக்குள் சும்மா சுற்றுகிறதா என்பது மதர்போர்ட்டுக்குத் தெரியாது. உங்கள் கைக்குத் தெரியும். ஆகவே முதலில் கை.

பெட்டியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கணினியைப் போடுங்கள். எடிற்றிங் மென்பொருளைத் திறந்து சூடேற விடுங்கள். சிபியூ பிளொக்கின் மேல்மூடியைத் தொடுங்கள். பிளொக்கிலிருந்து வெளியே வருகிற ரியூபைப் பிளொக்குக்குக் கிட்டவும், அதே ரியூபை றேடியேற்றருக்குக் கிட்டவும் பிடித்துப் பாருங்கள். பிளொக் சுடுகிறது, ரியூபின் அடி சுடுகிறது, றேடியேற்றர் குளத்துக் கல் மாதிரிச் சில்லென்று இருக்கிறது என்றால் தண்ணீர் நகரவில்லை. றேடியேற்றர் முழுக்க ஒரே மாதிரி வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் ஓடுகிறது, பிழை விசிறியில் அல்லது தூசியில். பிளொக்கும் குளிர், றேடியேற்றரும் குளிர், சிபியூ மட்டும் போட்ட ஒன்றிரண்டு செக்கனிலேயே 100க்குப் பாய்கிறது என்றால் பிளொக் சிபியூவில் ஒழுங்காக அமரவில்லை. ரோட்டுக் குலுக்கலில் ஒரு ஸ்குறூ தளர்ந்திருக்கலாம். உங்களுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கிறது. பிளொக்குக்குள் தேங்கி நிற்கிற கொஞ்சத் தண்ணீர் கொதிநிலைப் பக்கம் போவதற்கு எடுக்கிற நேரம் அது. அதனால் என் சந்தேகம் ஓட்டத்தின் மேல்தான்.

ஏன் ஓடவில்லை? படுக்கவைத்துக் கொண்டுவந்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாங்கியின் மேற்பகுதியில் இருந்த காற்று பெட்டி சரிந்ததும் பம்ப் வாய்க்குப் போயிருக்கும். இந்தப் பம்புகளும் நம் இரண்டு அங்குல மிசினும் ஒரே சாதி. சக்கரம் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கமாக எறியும். தண்ணீர் கிடைத்தால் எறியும், காற்றை அதனால் எறிய முடியாது, தானாக மேலே இழுத்துக்கொள்ளவும் தெரியாது. அதனால்தான் தாங்கி எப்போதும் பம்புக்கு மேலே இருக்கவேண்டும் என்பது.

காற்றை எடுக்கிற விதம் இது. பவர் சப்ளையின் பின்சுவிற்சை நிறுத்துங்கள். பம்புக்குப் போகிற வயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பவர் சப்ளையிலிருந்து கழற்றுங்கள். மதர்போர்ட், கிராபிக்ஸ் கார்ட், டிஸ்க் எல்லாம். பெரிய 24 பின் பிளக்கில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் கணினி இல்லாமலே பவர் சப்ளை வேலை செய்யும். இப்போது வருகிற பவர் சப்ளைகளில் எல்லா வயரும் கறுப்பு. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு குத்தாமல், இதற்கென்றே விற்கிற சின்ன இணைப்பு பிளக்கை வாங்குங்கள். பம்பைவிட எவ்வளவோ மலிவு.

தாங்கியின் மூடியைத் திறந்து கழுத்துவரை வார்த்துவிட்டு, பின்சுவிற்சைப் பத்துச் செக்கன் போட்டு நிறுத்துங்கள். மட்டம் இறங்கினால் இன்னும் தண்ணீர் வார்த்து நிரப்புங்கள். திரும்பப் போடுங்கள். பம்ப் நிற்கிற நேரத்தில்தான் குமிழி மேலே ஏறும், அதனால் போட்டபடி விட்டுவிட்டால் காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முன்னே சரியுங்கள், பின்னே சரியுங்கள், குழந்தையை ஏணையில் ஆட்டுகிற மாதிரி. றேடியேற்றரின் மேல்மூலையில் ஒளிந்திருக்கும் காற்று ‘குளுக்’ என்று வெளியே வரும். சத்தத்தையும் கேளுங்கள். காற்றுள்ள பம்ப் சரசரக்கும், சில நேரம் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி. காற்றுப் போனதும் ஒரு முனகல்தான் மிஞ்சும். தாங்கி ஒருபோதும் காயக்கூடாது. அந்தப் பம்பின் பெயாரிங்குக்கு எண்ணெய் கிடையாது, ஓடுகிற தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். வெறுமையாக ஓடவிட்டால் அந்தக் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

அரை மணித்தியாலம் இப்படிச் செய்தும் அசைவில்லை என்றால் வயர்களைப் பாருங்கள். இடம் மாற்றும்போது எதையாவது கழற்றிப் பூட்டினீர்களா? சிலர் பம்பின் முழு மின்சாரத்தையும் மதர்போர்ட்டின் விசிறிப் பின்னிலிருந்து எடுக்கப் பார்ப்பார்கள். அந்தப் பின் வழக்கமாக ஒரு ஆம்பியர்தான் தாங்கும், 12 வோல்ற்றில் 12 வாற்று. டி5 வகைப் பம்ப் முழு வேகத்தில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேரே வரவேண்டும், வேகத்துக்கான மெல்லிய வயர் மட்டும் மதர்போர்ட்டுக்குப் போகவேண்டும். பயோஸுக்குள் (விண்டோஸ் வருமுன் திறக்கிற அமைப்புத் திரை) போய் அந்தப் பின்னை முழு வேகத்துக்கு மாற்றுங்கள். விசிறி என்று நினைத்து மதர்போர்ட் பம்பை மெதுவாக்கிக்கொண்டிருக்கலாம்.

அதுவும் சரி என்றால்தான் அடைப்பு. கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் பின்னால் ரியூப் மடிந்திருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு இல்லையென்றால் பிளொக்கைத் திறக்கவேண்டி வரும். இந்த இடத்தில் என் மானம் போன கதை ஒன்று.

நான் முதன்முதலில் பூட்டிய தண்ணீர்ப் பெட்டி கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவுக்கு. இறைப்பு மிசின் திருத்தின கை சும்மா இருக்குமா? பூட்டுகிற ஒவ்வொரு இணைப்பின் புரியிலும் வெள்ளை திரெட் ரேப்பை மூன்று சுற்றுச் சுற்றிப் பூட்டினேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை, பெருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் சிபியூ 90ஐத் தொட்டது. காற்று எடுத்தேன், பம்ப் மாற்றினேன், ஆமாம், நானே புதுப் பம்ப் வாங்கிப் போட்டேன், சூடு அப்படியே. கடைசியில் பிளொக்கைத் திறந்தேன். உள்ளே செம்பில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமான தகடுகள் இருக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவான இடைவெளி. அந்தப் பற்களின் நடுவாக, தண்ணீர் உள்ளே இறங்குகிற ஒடுக்கமான வாயில், என் வெள்ளை ரேப் நூல் நூலாகக் கிழிந்து வந்து குறுக்கே படுத்திருந்தது. கொண்டை ஊசியால் இழுக்க இழுக்க வந்தது, இடியப்பம் மாதிரி. இந்த இணைப்புகளின் கால் அங்குலப் புரி நேர்ப் புரி. நம் தண்ணீர்க் குழாய்ப் புரி மாதிரிக் கூம்பு இல்லை. ஒழுக்கை நிறுத்துவது புரி அல்ல, அதன் கழுத்தில் இருக்கிற ரப்பர் வளையம். கையால் இறுக்கி, சாவியால் ஒரு சின்னத் திருப்புத் திருப்பினால் போதும். ரேப் தேவையே இல்லை. ஸ்ரூடியோக்காரருக்கு இந்தக் கதையை இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை, அவர் இந்த இதழை வாங்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இன்னொன்று. பிளொக்கைத் திறந்தால் எந்த வாய் உள்வாய், எது வெளிவாய் என்று பார்த்துப் பூட்டுங்கள். சிபியூ பிளொக்கில் தண்ணீர் நடுவில் இறங்கி இரண்டு பக்கமும் பிரிந்து போகும்படி செய்திருப்பார்கள். மாற்றிப் பூட்டினாலும் ஓடும், ஆனால் சூடு சில பாகை கூடும். என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

“சேர், நான் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். என் பிசியில் தண்ணீர் ஓட்டத்தை அளக்கிற ஃபிளோ மீற்றர் மணித்தியாலத்துக்கு 70 லீற்றர் காட்டுகிறது. 200க்குக் குறையக்கூடாது என்கிறார்கள். இரண்டாவது பம்ப் ஒன்று போட்டுத் தொடராக இணைக்கலாமா?” (கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவி)

தங்கச்சி, இந்தக் கணக்கை நீங்கள்தான் எனக்குப் படிப்பித்திருக்கவேண்டும். பரவாயில்லை, மிசின்காரன் கணக்காகவே போடுவோம்.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4186 ஜூல் வேண்டும். உங்கள் சிபியூவும் கிராபிக்ஸ் கார்ட்டும் சேர்ந்து 300 வாற்று கக்குகின்றன என்று வைப்போம். மணித்தியாலத்துக்கு 70 லீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1.17 லீற்றர். அந்தத் தண்ணீர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 3.7 பாகை சூடாகும். 200 லீற்றராக ஆக்கினால் 1.3 பாகை. வித்தியாசம் இரண்டரைப் பாகைகூட இல்லை. பிளொக்குக்குள் தண்ணீர் வேகமாகப் பாய்வதால் இன்னும் கொஞ்சம் நன்மை கிடைக்கும். அதற்காக ஒரு பம்பின் காசையும், இரண்டாவது பம்பின் சூட்டையும் சத்தத்தையும் வாங்கவேண்டுமா? என் அபிப்பிராயத்தில் வேண்டாம்.

இதே கணக்கில் தெரிகிற இன்னொரு விஷயம், எது முதல், எது பிறகு என்ற சண்டை. சிபியூவுக்குப் பிறகு நேரே கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் போகலாமா, நடுவில் றேடியேற்றர் வேண்டுமா என்று மண்டையை உடைக்கிறார்கள். ஓட்டம் சரியாக இருந்தால் சுற்றுமுழுக்கத் தண்ணீரின் சூடு சில பாகைக்குள்தான் வேறுபடும். ரியூப் மடியாமல் போகிற வழி எதுவோ அதுவே நல்ல வழி.

ஆனால் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பூட்டின அன்றைக்கு அந்த மீற்றர் எவ்வளவு காட்டியது? அன்றும் 70 என்றால் நிம்மதியாகப் படியுங்கள். அன்றைக்கு 140 காட்டி, இன்றைக்கு 70 என்றால் எங்கேயோ அடைக்கிறது. மீற்றர் காட்டுகிற இலக்கத்தைவிட அது இறங்கிவருகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். பூட்டின அன்றே ஒரு சின்னத் தாளில் திகதியோடு எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

மீற்றரையும் முழுதாக நம்பவேண்டாம். அதற்குள் இருக்கிற சின்னச் சக்கரத்தில் ஒரு மயிர் சிக்கினாலே பொய் சொல்லும். சந்தேகம் வந்தால் வயலில் மிசினின் தண்ணீரைப் பரலில் பிடித்து அளக்கிற மாதிரி அளந்து பாருங்கள். கணினி இல்லாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு (மேலே மாங்குளத் தம்பிக்குச் சொன்ன விதத்தில்), தாங்கிக்குத் திரும்பிவருகிற ரியூபைக் கழற்றித் தாங்கியின் உயரத்திலேயே ஒரு அரை லீற்றர்ப் போத்தலுக்குள் விடுங்கள். ஒருவர் தாங்கிக்கு வார்த்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் போனில் நேரம் பிடிக்கவேண்டும். பத்துச் செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு மூன்று லீற்றர், மணித்தியாலத்துக்கு 180. அரை நிமிடம் எடுத்தால் 60. துணைக்கு ஆளில்லாமல் செய்யவேண்டாம், தாங்கி காய்ந்துவிடும். நிலத்தில் பழைய சாரம் ஒன்றை விரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

“எங்கள் ஊர் ஆர்ஓ தண்ணீர்தான் விட்டேன். ஐந்தாம் மாதம் தாங்கி பச்சையாகிவிட்டது. ரியூபும் வெளிறிப்போய் உள்ளே தெரியவில்லை. சூடும் கூடுகிறது. குடிக்கிற தண்ணீரே கெடுமா?” (செட்டிகுளத்திலிருந்து ஒரு வாசகர்)

உங்களுக்கு இரண்டு வருத்தம் ஒன்றாக வந்திருக்கிறது. பச்சை, பாசி. வெளிறல், ரியூபிலிருந்து வந்தது.

நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவது எல்லாருக்கும் தெரியும். அதைப் பிளொக்கின் அரை மில்லிமீற்றர்ப் பற்களுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியாப் பக்கம் ஊர் ஊராக வந்த ஆர்ஓ நிலையங்கள் பெருமளவு உப்பை எடுத்துவிடுகின்றன. குடிக்க நல்ல தண்ணீர். ஆனால் வெளிச்சம் படுகிற தாங்கியில், நாற்பது பாகை வெதுவெதுப்பில் மாதக்கணக்காகக் கிடந்தால் எந்தச் சுத்தத் தண்ணீரிலும் பாசி பிடிக்கும். பாசியைக் கொல்ல அதில் ஒன்றும் இல்லையே. காய்ச்சி வடித்த தண்ணீரும் கணினிக்கென்று விற்கிற பாசிகொல்லி மருந்தும் சேர்த்து விடுங்கள், அல்லது கலந்தே வருகிற கூலன்ற் வாங்குங்கள். பற்றரிக் கடையில் வாங்குவதானால் போத்தலை இரண்டு தரம் வாசியுங்கள். பற்றரித் தண்ணீரும் பற்றரி அசிற்றும் ஒரே இறாக்கையில் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் காய்ச்சி வடித்தது மாதிரித்தான் என்று ஒருவர் எனக்கு வாதாடினார். ஏசிக்குள் இருக்கிற தூசியையும் பூஞ்சணத்தையும் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர் அது. வேண்டாம். தாங்கியை யன்னலோரத்திலிருந்து தள்ளியும் வையுங்கள்.

ரியூப் வெளிறுவது வேறு கதை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற மெத்தென்ற ரியூப்கள் மெத்தென்று இருப்பதற்காக அவற்றுக்குள் ஒரு மென்மையாக்கியைக் கலந்திருப்பார்கள். சூட்டில் மெல்ல மெல்ல அது தண்ணீருக்குள் கசியும், ரியூபின் உட்சுவரில் படியும், மிச்சம் பிளொக்கின் பற்களில் போய்ச் சேரும். திறந்து பார்த்தால் பழஞ்சோற்றுத் தண்ணீரின் மேல் நிற்கிற ஆடை மாதிரி, விரலில் ஒட்டுகிற வெள்ளைப் பசை. பல்துலக்கும் பழைய பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், இளஞ்சூட்டுத் தண்ணீர். பற்களின் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் பல் வளையும். நிக்கல் பூசிய பிளொக் என்றால் வினாகிரி, தேசிக்காய் பக்கம் போகவேண்டாம். அப்புறம் ரியூபை முழுதாக மாற்றுங்கள். நான் இப்போது எல்லாருக்கும் போடுவது கறுப்பு ஈபிடிஎம் ரப்பர். வாகனங்களின் றேடியேற்றர் ஹோஸ் செய்கிற ரப்பர் வகைதான். அழகில்லை, உள்ளே ஓடுவது தெரியாது. ஆனால் வெளிச்சமும் போகாது, பசையும் வராது.

பால் மாதிரி, பெயின்ற் மாதிரி நிறமான கூலன்ற்களை விளம்பரத்தில் பார்த்து மயங்கவேண்டாம். அந்த நிறம் தண்ணீரில் மிதக்கிற நுண்துகள். ஓட்டம் குறைந்த மூலையில் அது வண்டலாகிவிடும்.

“கராஜில் கழற்றிப் போட்ட கார் றேடியேற்றர் ஒன்று சும்மா கிடக்கிறது. கணினிக்குப் போடலாமா?” (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மெக்கானிக்)

நீங்கள் கேட்பதில் சிரிக்க ஒன்றுமில்லை அண்ணை. 2000களின் தொடக்கத்தில் வெளிநாடுகளில் இந்த வேலையைத் தொடங்கியவர்கள், குளிர்நாட்டுக் கார்களின் உள்ளே சூடு காட்டுகிற சின்ன றேடியேற்றரைத்தான் கழற்றிப் போட்டார்கள். 

உங்கள் கையில் இருப்பது அனேகமாக அலுமினியம். கணினிப் பிளொக் செம்பு. இரண்டையும் ஒரே தண்ணீரில் தொடுத்தால் அது ஒரு பற்றரியாகி அலுமினியத்தைத் தின்னும். தின்ற மிச்சம் பிளொக்கில் போய் அடைக்கும். கார் கூலன்ற் விட்டால் அரிப்புக் குறையும். ஆனால் அது தடிப்பானது, சின்னப் பம்ப் மூச்சுவாங்கும். வீட்டில் பிள்ளைகள், நாய் இருந்தால் அதன் இனிப்பு ருசியும் ஆபத்து. அது நஞ்சு. பழைய வாகனத்தின் பித்தளை, செம்பு றேடியேற்றர் கிடைத்தால் எழுதுங்கள், அப்போது பேசுவோம். புது றேடியேற்றர் வாங்கினாலும் பூட்ட முதல் சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கி நாலைந்து தரம் கழுவுங்கள். ஈயப்பற்று வைத்தபோது பூசி மிஞ்சின பிளக்ஸ் பசை உள்ளே இருக்கும், கழுவின தண்ணீரின் நிறத்திலேயே தெரியும்.

“மகன் தண்ணீர்க் குளிரூட்டி வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். எங்கள் வெயிலில் இது பயன் தருமா? கரண்ட் போனால் வெடிக்காதா?” (வவுனியாவிலிருந்து ஒரு தாய்)

வெடிக்காது அக்கா. கரண்ட் போனால் பம்ப் நிற்கும், அதே நொடியில் சூடு தருகிற சிபியூவும் நிற்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களையும் இந்தப் பெட்டிகள் கண்டுவிட்டன.

பயன்? அறையில் 34 பாகை என்றால் தண்ணீர் 34க்குக் கீழே போகாது, என்ன விலை கொடுத்தாலும். நல்ல றேடியேற்றர் இருந்தால் அறையைவிடப் பத்துப் பாகை கூடுதலாக நிற்கும், 44, 45. அதோடு சோளகம் பிடித்தால் கிரவல் ரோட்டுப் புழுதி முழுக்க றேடியேற்றரின் இதழ்களுக்குள்தான். மாதம் ஒருக்கால் விசிறியைக் கழற்றி ஊதவேண்டும். ஊதும்போது விசிறி சும்மா சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். மகன் விளையாட்டுக்கும் படிப்புக்கும்தான் கேட்கிறார் என்றால் பெரிய காற்றுக் குளிரூட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கையால் பூட்டிப் பழக ஆசை என்றால் அது வேறு. அப்போது முதலில் ஒரு இரவு முழுக்க, இணைப்புக்கு இணைப்பு ரிசு பேப்பர் சுற்றிவைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டு ஒழுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். விடிய எந்தப் பேப்பரும் நனையாமல் இருந்தால் பையனுக்குக் கை இருக்கிறது.

அச்சுக்குப் போகமுன்: மாங்குளத் தம்பி கதைத்தார். பதிலின் பிரதியை முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். பிளொக் சுட்டதாம், றேடியேற்றர் சில்லென்று இருந்ததாம். பெட்டியை முன்னே பின்னே சரித்து ஆட்டியதில் காற்று வந்து, ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை நிறையத் தண்ணீர் உள்ளே போனதாம். இப்போது எடிற் செய்யும்போது 72 பாகை. ஆனால் என் பதில் போய்ச் சேர முதல் நாளே பொறுக்கமாட்டாமல் புதுப் பம்பை வாங்கிவிட்டார். கடையில் திருப்பி எடுக்கமாட்டார்களாம், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். அறிவியல்நகர்த் தங்கச்சி, உங்களுக்கு இல்லை.